அரை மணி நேரம் அசையாமல்

எங்கள் அப்பா பொய் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்து அன்றைக்கும் செருமினார்.

"மல்லாந்து படுத்து அரை மணி நேரம் ஆடாம அசையாம இருக்க முடியுமா உங்களால?" என்று டாக்டரம்மா கேட்டிருந்தார்.

"அரை மணி நேரமா? ராத்திரி பூரா ஒரே இடத்துல நின்ன ஆளு நான். மரக்கட்ட மாதிரி கெடப்பேன், பாருங்க."

பக்கத்தில் நின்ற என் தம்பி ஆமாம் ஆமாம் என்று மண்டையை ஆட்டினான். அவனுக்கு முன்பல்லில் பாதி கிடையாது. அந்தப் பாதியை உடைத்தது இந்த மரக்கட்டைதான். அது தெரிந்தும் தலையாட்டுகிறான் பாருங்கள், அவனை என்ன சொல்வது? பிறந்ததிலிருந்தே அவனுக்கு அந்த ஒரு வேலைதான் நன்றாக வரும்.

அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவல்காரராக இருந்தவர். அங்கே எல்லாரும் அவரை ஆந்தை என்று கூப்பிடுவார்கள். அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். விடிந்ததும் வந்து படுப்பார். முதுகு கட்டிலில் பட்டதும் குறட்டை கிளம்பிவிடும். ஆனால் காது மட்டும் தூங்காது. ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், "யார்ரா அவன்!" என்று துள்ளி எழுந்து, எதிரில் யார் நிற்கிறார்கள் என்று கண் பார்ப்பதற்குள் கை ஓங்கி இறங்கியிருக்கும். தம்பி கட்டிலுக்கு அடியில் போன பந்தை எடுக்கப் போய்த்தான் பல்லைப் பறிகொடுத்தான். பையனின் வாயிலிருந்து ரத்தம் வழிந்தபோது, "தூங்குற எடத்துல இவனுக்கு என்ன வேல?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்த மனிதர் அவர்.

எங்கள் வீட்டில் பகல் என்பதே கிடையாது. அம்மா பாத்திரத்துக்கு அடியில் துணி விரித்துத்தான் தேய்ப்பாள். குக்கரில் வெயிட்டைப் போடாமலே பருப்பை வேகவைப்பாள். அழுவதாக இருந்தால் நாங்கள் தெருவில் போய் அழுதுவிட்டு வருவோம். நாங்கள் மூன்று பேரும் குசுகுசுவென்றே பேசிப் பேசி, பள்ளிக்கூடத்தில் என்னை வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் பதில் எனக்கே கேட்காது. அதற்கெல்லாம் சேர்த்துத்தானோ என்னவோ, இன்றைக்கு நான் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கத்திக்கொண்டிருக்கிறேன். என் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். வேலை நேரம் முடிந்தாலும் அந்தச் சத்தம் குறையாது என்று என் வீட்டுக்காரர் குறைபட்டுக்கொள்வார். பட்டுக்கொள்ளட்டும்.

"டாக்டர், அவர் சொல்றது சுத்தப் பொய்," என்றேன்.

அப்பா தலையைத் திருப்பினார். வலது கண் உள்ளழுத்தம் ஏறி எப்போதோ அவிந்துபோயிற்று; அதைக் காட்டவும் அவர் நேரத்துக்கு வரவில்லை. இருக்கிற இடது கண்ணிலும் புரை முற்றி, பழுப்பேறிப்போய் இருந்தது. என் குரல் வந்த பக்கம் குத்துமதிப்பாகப் பார்த்து முறைத்தார்.

"இவ சொல்றத எடுத்துக்காதீங்க டாக்டர். எனக்குப் பார்வ வரக்கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டு வந்திருக்கா."

"அப்படின்னா எதுக்குப்பா உங்களக் கைபுடிச்சு இங்க இட்டுட்டு வரணும்? வீட்டுலயே செவுத்துல முட்டிக்கட்டும்னு விட்டிருக்க மாட்டேனா?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா," என்றான் தம்பி.

"நீ பேசாத. ஒனக்குப் பல்லு மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன், முதுகெலும்பும் போயிடுச்சு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். படுத்த மாத்திரத்தில் தூங்குவது, சத்தம் கேட்டால் துள்ளுவது, கை ஓங்குவது, எல்லாம். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"பெரியவரே, இந்தக் கண்ணுல சுலபமா ஒண்ணுமே இல்ல. புரை கல்லு மாதிரி ஆயிடுச்சு. சர்க்கரையினால கண்மணி சரியா விரிய மாட்டேங்குது, சின்ன ஓட்ட வழியாத்தான் நான் வேல பாக்கணும். புரைக்குப் பின்னால ஒரு பை இருக்கு, வெங்காயச் சருகு மாதிரி. அது கிழிஞ்சா உடைச்ச துண்டெல்லாம் கண்ணுக்குள்ள பின்பக்கம் விழுந்துடும். இன்னொரு கண்ணு இருந்தாலாவது மனசத் தேத்திக்கலாம். உங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். நான் கருவிய உள்ள வெச்சிருக்கும்போது நீங்க துள்ளினா, அதோட முடிஞ்சுது."

"மயக்க மருந்து குடுத்துடுங்களேன்," என்றான் தம்பி.

"அவர் இதயம் அதத் தாங்காது. லேசா அசத்துற ஊசி போட்டாலும் தூங்கித்தான் போவார். கண்ணு மரத்துப்போக ஊசி போடுவேன், வலிக்காது. ஆனா அவர் முழிச்சுட்டு இருக்கணும், அசையவும் கூடாது."

"முழிச்சுட்டுத்தான் இருப்பேன். இவ பேச்ச நம்பாதீங்க," என்றார் அப்பா மறுபடியும் செருமிவிட்டு.

"நம்ப வேண்டாம். பாத்துடலாம்."

பக்கத்து அறையில் ஒரு கட்டில் இருந்தது. அப்பாவை அதில் மல்லாக்கப் படுக்க வைத்து முகத்தில் பச்சைத் துணியைப் போட்டார்கள். நர்ஸ் தலைமாட்டில் நின்று, "பயப்படாதீங்க ஐயா, ஒண்ணுமில்ல, நிம்மதியா இருங்க," என்று தாலாட்டுப் பாடாத குறையாகப் பேசினார். அவர் இரண்டாவது தடவை 'நிம்மதி' என்று சொல்வதற்குள் துணிக்கு அடியிலிருந்து குறட்டை வந்தது. தம்பி ஓசைப்படாமல் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அனுபவசாலி.

டாக்டரம்மா ஒரு இரும்புத் தட்டை எடுத்துத் தரையில் போட்டார்.

"யார்ரா அவன்!"

பச்சைத் துணி ஒரு பக்கம் பறந்தது, நர்ஸின் மூக்குக் கண்ணாடி இன்னொரு பக்கம் பறந்தது. அப்பா கட்டிலில் முழங்காலிட்டு, முஷ்டியை உயர்த்தி, தெரியாத கண்ணால் திருடனைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இதைப் பார்த்துத்தானே நாங்கள் வளர்ந்தோம்.

"கண்ணுக்குள்ள கருவி இருக்கும்போது இது நடந்திருந்தா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா முஷ்டியை இறக்கினார். பிறகு, "இது அவ சொல்லிக்குடுத்துப் பண்ணின சதி," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "நர்ஸம்மா மூஞ்சியப் பேத்துட்டுப் பேச்சப் பாரு! ஒரு வார்த்த மன்னிச்சுக்கம்மான்னு வாய்ல வருதா? நாங்கதான் வாங்கிக் கட்டிக்கிட்டோம், ஊரான் வீட்டுப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? படுங்க பேசாம!" என்று ஆரம்பித்தேன். மைக் இல்லாமலே சுவர் அதிர்ந்தது.

டாக்டரம்மா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவை மறுபடி படுக்கச் சொல்லித் துணியைப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, நிறுத்தாதே என்று கையால் காட்டினார். எனக்குச் சொல்லவா வேண்டும்? கொட்டித் தீர்த்தேன். குறட்டை வரவில்லை. அப்பாவின் கால் கட்டைவிரல்கள் மட்டும் மடங்கி மடங்கி விரிந்தன. டாக்டரம்மா மறுபடியும் தட்டைப் போட்டார். அப்பா அசையவில்லை. விழித்திருக்கிற மனிதருக்குத் தட்டு வெறும் தட்டுதான்.

"நீங்க ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ள வரணும்," என்றார் டாக்டரம்மா என்னிடம். "அவர் கையப் புடிச்சுட்டு இப்படியே பேசிட்டே இருங்க. அவர் பதில் பேசக் கூடாது, பேசினா தல ஆடும். இருமல் வந்தாலோ முடியலன்னாலோ உங்க கைய அமுக்கணும். அமுக்கினதும் நீங்க எனக்குச் சொல்லணும். நான் கருவிய வெளிய எடுத்துடுவேன்."

"அவ வேணாம்," என்று துணிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. "உள்ள விட்டா என் கண்ணத் தோண்டிடுவா."

"அவங்க வரலன்னா நான் கத்தியத் தொட மாட்டேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அறுவை சிகிச்சை அன்று காலையில் தம்பி என்னைப் படிக்கட்டுப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, எத வேணாலும் பேசு. அம்மா விஷயத்த மட்டும் எடுத்துடாத. தாங்க மாட்டாரு, துள்ளிடுவாரு. அப்புறம் ஆயுசுக்கும் அவர நாமதான் கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

அம்மா விஷயம் இதுதான். அம்மா இறந்த அன்று, சாயங்காலம் தேநீர் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சுருண்டு விழுந்தாள் என்பதுதான் அப்பா சொல்லும் கதை. ஊருக்கும் அதுதான் தெரியும். நானும் தம்பியும் வேலைக்குப் போயிருந்தோம். எல்லாம் முடிந்த பிறகு மாடிவீட்டு அக்கா எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அம்மாவுக்குக் காலையிலேயே நெஞ்சுவலி வந்துவிட்டது. உள்படியேறி மாடிக்குப் போய் மாத்திரை கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று அந்த அக்கா எவ்வளவோ கூப்பிட்டும், "அவர் தூங்குறாரு. வெளிக்கதவு கிறீச்சுன்னு சத்தம் போடும், எழுந்துடுவாரு. சாயங்காலம் போய்க்கலாம்," என்று கிசுகிசுத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள். பகல் முழுக்க அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை நாங்கள் அப்பாவிடம் சொன்னதே இல்லை. தம்பி பரிதாபத்தால் சொல்லவில்லை. நான், சொன்னால் அந்த மனிதர் ஒரு பொட்டுக் கண்ணீர்கூட விடாமல் செருமிவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்து சொல்லவில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றேன் தம்பியிடம்.

தியேட்டரில் எனக்கும் அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிவிட்டு ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். அப்பாவின் முகத்தை மூடிய துணியில் ஒரே ஓட்டை. அந்த ஓட்டையில் அந்த ஒரே கண். மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. அப்பாவின் கையைப் பிடித்தேன். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கை என்னை அடித்திருக்கிறது, தள்ளியிருக்கிறது, பிடித்ததில்லை. காய்ந்துபோய், எலும்பும் தோலுமாக இருந்தது.

"ஆரம்பிக்கலாம். பேசுங்க," என்றார் டாக்டரம்மா, தலையைத் தூக்காமல்.

பல்லிலிருந்து ஆரம்பித்தேன். பல் டாக்டரிடம் பையனைக் கூட்டிப் போகக்கூட எழுந்திருக்காத கதை. பிறகு வானொலிப்பெட்டி. வாங்கி வந்து, பாட்டு வைத்தால் உதைப்பேன் என்று சொல்லி, அலமாரி மேல் பொம்மை மாதிரி உட்கார வைத்த கதை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் வாய்விட்டுப் பழக முடியாமல், தண்ணீர்க் குழாயடியில் நின்று பழகியபோது தெருவே சிரித்த கதை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, வந்தவர்களில் ஒருவர் தும்மப் போய், உள்ளறையிலிருந்து "யார்ரா அவன்!" என்று இவர் பாய்ந்து வந்து, மாப்பிள்ளையின் சித்தப்பாவைச் சட்டையைப் பிடித்து உலுக்கிய கதை.

நர்ஸுக்கு முகமூடிக்கு மேலே கண் சிரித்தது. அப்பாவின் விரல்கள் என் உள்ளங்கையில் நகம் பதிய முறுகின. அமுக்கவில்லை, முறுகின. வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. பதில் சொல்ல முடியாமல் அவர் வெந்துகொண்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக நான் பேசுகிறேன், அவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். பொய் சொல்லவில்லை, எனக்கு அது இனித்தது.

"நல்லா இருக்கார். இனிமேதான் கஷ்டமான கட்டம்," என்றார் டாக்டரம்மா. "புரைய உடைக்கப் போறேன். மிஷின் திடீர்னு சத்தம் போடும். தூங்க மட்டும் விட்டுடாதீங்க."

நான் பேசிக்கொண்டே போனேன். ஆனால் வைததையே எவ்வளவு நேரம் வைவது? சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது. சித்தப்பா கதையை இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது அப்பாவின் விரல்கள் தளர்ந்தன. அவருக்குப் பழகிவிட்டது. என் வசவும் அவருக்குத் தாலாட்டு ஆகிவிட்டது. துணி மேலும் கீழும் சீராக ஏறி இறங்கியது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். அதற்கு அடுத்தது குறட்டை.

"அப்பா! அப்பா!"

விரல் இன்னும் தளர்ந்தது. நான் கையை உலுக்கப் போனேன்.

"ஆட்டாதீங்கம்மா!" என்று நர்ஸ் பதறினார். "கருவி உள்ள இருக்கு!"

மிஷின் எந்த நிமிஷமும் கத்தும். கத்தினால் இவர் துள்ளுவார். உலுக்கக் கூடாது, கிள்ளக் கூடாது. என்னிடம் இருந்தது குரல் ஒன்றுதான். குரலில் மிச்சம் இருந்தது அந்த ஒரு விஷயம்தான். தம்பிக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. சொன்னாலும் துள்ளலாம், சொல்லாவிட்டாலும் துள்ளுவார்.

"அம்மா சாயங்காலம் சாகல," என்றேன்.

மூச்சு நின்றது.

"காலையிலேயே வலி வந்துடுச்சு. மாடிக்குப் போய் மாத்திர கேட்டிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவங்க கூப்பிட்டிருக்காங்க. கதவு சத்தம் போட்டா நீ எழுந்துடுவேன்னு போகல. கேக்குதா? உன் தூக்கம் கெடக் கூடாதுன்னு நெஞ்சப் புடிச்சுட்டு அடுப்படியில உக்காந்திருந்தா. பகல் பூரா. நீ எழுந்து வந்து டீ கேட்டப்போ போட்டுக் குடுக்கத்தான் எழுந்திருச்சா. நீ தூங்கின. அவ செத்தா."

அவரை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

அப்பாவின் கை இறுகியது. இந்தத் தடவை முறுகல் இல்லை. தெளிவாக, அழுத்தமாக, ஒரே அமுக்கு.

"டாக்டர், அமுக்குறார்!"

டாக்டரம்மாவின் கைகள் பின்வாங்கின. கருவி வெளியே வந்தது. மிஷின் ஒரு கத்து கத்திவிட்டு அடங்கியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு துள்ளலுக்குக் காத்திருந்தேன். துள்ளல் வரவில்லை.

"என்ன பெரியவரே, இருமல் வருதா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"இல்ல. நான் தூங்கல."

"நல்லது. அப்படியே முழிச்சுட்டு இருங்க."

"இப்ப இல்லம்மா," என்று துணி பேசியது. அதில் செருமல் இல்லை. "அன்னைக்கு. அன்னைக்கு நான் தூங்கல."

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"அவ முனகினது கேட்டுச்சு. மாடிக்குப் போனது, எறங்கி வந்தது, எல்லாம் கேட்டுச்சு. காலையில வந்ததும் ரெண்டு பேருக்கும் சண்ட. என்ன எழுப்பி சமாதானம் பேச வெக்கத்தான் முனகுறான்னு நெனச்சேன். எழுந்தா நான் தோத்த மாதிரி ஆயிடும்னு வீம்புக்குக் கண்ண மூடிட்டுக் கெடந்தேன். மத்தியானத்துக்கு மேல முனகல் நின்னுடுச்சு. சரி, அடங்கிட்டான்னு நெனச்சேன்."

கரண்டி விழுந்தால் எழுகிற மனிதருக்கு ஒரு உயிர் முனகுவது கேட்காமலா இருந்திருக்கும்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தூக்கத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். தூங்குகிற மனிதரைத் திட்டினால் கொஞ்சம் மன்னிக்கவும் முடியும். அந்தக் கொஞ்சத்தையும் அவரே பிடுங்கிக்கொண்டார்.

"போதும்," என்றார் டாக்டரம்மா. "பேசாதீங்க. தல ஆடக் கூடாது. புரை இன்னும் உடைச்சு முடியல, உள்ளதான் இருக்கு."

கருவி மறுபடியும் கண்ணுக்குள் இறங்கியது. அப்பாவின் கை இன்னும் என் கைக்குள் இருந்தது. அதை உதறிவிட்டு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. உதறுவதாவது, இழுத்து ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. என் கை கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கியது. டாக்டரம்மாவின் கைகள் அந்தச் சின்ன வட்டத்துக்கு மேலே, மூச்சுக்கூட விடாதவை போல நின்றன. நான் இப்போது கையை இழுத்தால் அவர் தோள் ஆடும், தோள் ஆடினால் தலை ஆடும். அவ்வளவுதான் வேண்டும். ஒரே இழுப்பு. யாரும் என்னைக் குறை சொல்லவும் மாட்டார்கள்.

இன்னொரு கையைக் கொண்டுவந்து என் மணிக்கட்டை முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தும் நடுக்கம் நிற்க நேரம் பிடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மிஷின் கத்தியது, அடங்கியது, மறுபடி கத்தியது.

நர்ஸ் குனிந்து என் காதோரம் வந்தார். "ஏதாவது பேசுங்கம்மா. நீங்க நிறுத்தினா அவர் தூங்கிடப் போறாரு."

"தூங்க மாட்டாரு," என்றேன். "நீங்க வேலையப் பாருங்க."